ரெட்டைப் புள்ளைக்கு ஒத்தை ரிசல்ட்டா?

"ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை. 99 சதவீதம் துல்லியம். குழந்தைக்கு எந்த ஆபத்தும் இல்லை."

விளம்பரத்தில் இந்த மூன்று வரி போதும். மாசமாக இருக்கும் பெண்ணும் அவள் வீட்டுக்காரரும் பர்ஸைத் திறந்துவிடுவார்கள். அதிலும் வயிற்றில் இருப்பது ரெட்டைக் குழந்தை என்று ஸ்கேனில் தெரிந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சந்தோஷமும் இரண்டு மடங்கு, பயமும் இரண்டு மடங்கு. பயம் இருக்கிற இடத்தில்தானே வியாபாரம் சூடு பிடிக்கும்!

அந்த 99-ஐக் கொஞ்சம் உரசிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஏனென்றால் இதில் ஏமாந்தால் போவது காசு மட்டுமில்லை, நல்லபடியாகப் பிறக்க வேண்டிய ஒரு உயிரும் போகலாம்.

முதலில் சோதனையைப் பற்றி. தாயின் ரத்தத்தில் கருவின் டிஎன்ஏ துணுக்குகள் மிதக்கின்றன என்பதை 1997-ல் டென்னிஸ் லோவும் அவருடைய சகாக்களும் கண்டறிந்து வெளியிட்டார்கள். 2011-ல் அது ஹாங்காங்கிலும் அமெரிக்காவிலும் விற்பனைக்கே வந்துவிட்டது. என்.ஐ.பி.டி. என்று பெயர். பத்தாவது வாரத்துக்குப் பிறகு தாயின் கையிலிருந்து ரத்தம் எடுப்பார்கள். அதிலுள்ள துணுக்குகளில் 21-ஆம் குரோமோசோமைச் சேர்ந்தவை வழக்கத்தைவிட அதிகமாக இருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். அதிகமாக இருந்தால், டவுன் சிண்ட்ரோம் இருக்கலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும். வயிற்றில் ஊசி குத்தும் வேலை இல்லை. அருமையான கண்டுபிடிப்பு, அதில் இரண்டு கருத்து கிடையாது.

ஆனால் "இருக்கலாம்" என்பதற்கும் "இருக்கிறது" என்பதற்கும் நடுவில் பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தத் துணுக்குகள் பெரும்பாலும் நஞ்சுக்கொடியிலிருந்து வருபவை. நஞ்சுக்கொடியில் கோளாறு இருந்து குழந்தை நன்றாக இருப்பதும் உண்டு. ஆகவே இது ஒரு சல்லடை. சலித்துக் கொடுக்கும், தீர்ப்புச் சொல்லாது. தீர்ப்பு வேண்டுமென்றால் பனிக்குட நீரையோ நஞ்சுக்கொடித் திசுவையோ எடுத்துத்தான் சோதிக்க வேண்டும்.

இப்போது ரெட்டையருக்கு வருவோம். வணிகவியல் படிப்பவர்களுக்கு இது சட்டென்று புரியும். ஒரு கடைக்கு இரண்டு கிளைகள். இரண்டின் வரவு செலவையும் ஒரே பேரேட்டில் எழுதி, கடைசியில் கூட்டுத்தொகையை மட்டும் காட்டினால் என்ன ஆகும்? ஒரு கிளை நன்றாக ஓடினால் மற்றது படுத்துக் கிடப்பதே வெளியில் தெரியாது. எந்த ஆடிட்டராவது அதில் கண்ணை மூடிக் கையெழுத்துப் போடுவாரா?

தாயின் ரத்தத்தில் நடப்பதும் அதேதான். இரண்டு கருமுட்டைகளிலிருந்து உருவான ரெட்டையரில் ஒவ்வொரு குழந்தையின் டிஎன்ஏவும் தனித்தனி. இரண்டும் ஒரே ரத்தத்தில் கலந்து வருகின்றன. ஒவ்வொன்றின் பங்கும் ஒற்றைக் குழந்தையின் பங்கைவிடக் குறைவு. பல ஆய்வகங்கள் கருவின் பங்கு 4 சதவீதமாவது இருந்தால்தான் முடிவு சொல்லும். மொத்தம் 8 சதவீதம் இருக்கிறது, தாராளம் என்று ரிப்போர்ட் சொல்லலாம். அந்த எட்டில் ஒரு குழந்தையின் பங்கு 6, இன்னொன்றின் பங்கு வெறும் 2 என்றிருந்தால்? கோளாறு அந்த இரண்டில் இருந்தால்? "நார்மல்" என்ற வார்த்தையை நம்பி வீட்டுக்குப் போகிறவர்கள் பாவம் இல்லையா!

இன்னொரு சிக்கலும் உண்டு. ரெட்டையராகத் தொடங்கும் சில கர்ப்பங்களில் ஒரு கரு ஆரம்பத்திலேயே கரைந்து போய்விடும். அதன் டிஎன்ஏ மட்டும் சில வாரங்கள் தாயின் ரத்தத்தில் தங்கியிருக்கும். போன குழந்தையின் கோளாறு இருக்கிற குழந்தையின் கணக்கில் ஏறும். ஸ்கேன் பார்க்காமல் ரத்தத்தை மட்டும் நம்பினால் இதை எப்படிக் கண்டுபிடிப்பது?

சரி, அந்த 99 சதவீதம்? ஒரு சின்னக் கணக்கு. பத்தாயிரம் கர்ப்பங்கள். ஆயிரத்துக்கு ஒன்றில் டவுன் சிண்ட்ரோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆக, 10. சோதனை அந்தப் பத்தையும் பிடித்துவிடுகிறது. மீதி 9,990-ல் ஆயிரத்துக்கு ஒன்று தவறான எச்சரிக்கை. அதுவும் ஏறக்குறைய 10. மொத்தம் 20 எச்சரிக்கைகள், அதில் பாதி பொய்! "99.9 சதவீதம் துல்லியம்" என்று போட்டுக்கொள்வதிலும் பொய் இல்லை. ஆனால் "பாசிட்டிவ்" என்ற தாளைக் கையில் வைத்திருக்கும் தாய்க்கு அது பூவா தலையாதான். தாயின் வயது கூடினால் இந்தக் கணக்கு மாறும், எச்சரிக்கை நிஜமாக இருக்கும் வாய்ப்பு ஏறும். குறைபாடு அரிதாக இருந்தால் அதே வாய்ப்பு சரிந்துவிடும். குரோமோசோமில் சிறு துண்டுகள் விடுபடும் ஐந்து அரிய குறைபாடுகளில் பாசிட்டிவ் முடிவுகள் 85 சதவீதம் தவறாக இருந்தன என்று 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

அதே ஆண்டு ஏப்ரலில் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. இந்தச் சோதனைகள் எதற்கும் தாங்கள் அங்கீகாரம் அளித்ததில்லை என்றது. உறுதிசெய்யும் சோதனை செய்யாமல், இந்த முடிவை மட்டும் வைத்துக் கருவைக் கலைத்தவர்கள் இருக்கிறார்கள் என்றும் சொன்னது. இந்த ஒரு வரியைப் படித்த பிறகும் "99" என்று கொட்டை எழுத்தில் போட எப்படி மனசு வருகிறது?

ரெட்டையர் விஷயத்தில் இன்னும் மோசம். அமெரிக்க மகப்பேறு மருத்துவர் அமைப்பான ஏகாக், 2015-ல் ஒன்றுக்கு மேற்பட்ட கருக்கள் இருந்தால் இந்தச் சோதனை வேண்டாம் என்றுதான் சொன்னது. 2020-ல்தான் ரெட்டையருக்கும் செய்யலாம் என்று மாற்றிக்கொண்டது, அப்போதும் பாதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை ஆய்வுகளில் குறைவு என்ற குறிப்போடு. மருத்துவர்கள் யோசித்துக்கொண்டிருந்த அந்த நாட்களிலேயே கடையில் சரக்கு விற்றுக்கொண்டிருந்தது.

"சோதனை நன்றாகத்தானே வேலை செய்கிறது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. 2019-ல் வந்த ஒரு தொகுப்பாய்வில் ரெட்டையரிலும் டவுன் சிண்ட்ரோம் 98 சதவீதம் பிடிபட்டது. பழைய ரத்தச் சோதனைகளைவிட எவ்வளவோ மேல். தேவையில்லாமல் ஊசி குத்திக்கொள்வதிலிருந்து எத்தனையோ பேரை இது காப்பாற்றியிருக்கிறது. கோபம் சோதனையின் மேல் இல்லை, அதை விற்கிற விதத்தின் மேல்.

வேறு விதமாகவும் கொடுக்க முடியும். இங்கிலாந்தில் 2021 ஜூனிலிருந்து அரசு மருத்துவ சேவையே இதை இலவசமாகத் தருகிறது, ரெட்டையருக்கும் சேர்த்து. ஆனால் எடுத்த எடுப்பில் இல்லை. முந்தைய சோதனையில் வாய்ப்பு 150-ல் 1 அல்லது அதற்கு மேல் என்று வந்தால்தான் இது. இதிலும் பாசிட்டிவ் என்றால் உறுதிசெய்யும் சோதனை. படிப்படியாக ஏறுகிறார்கள்.

ரெட்டையரில் அந்தக் கடைசிப் படி செங்குத்தானது. பாசிட்டிவ் என்றால் எந்தக் குழந்தைக்கு? ரத்தம் பெயர் சொல்லாது. இரண்டு பனிக்குடங்களிலும் தனித்தனியாக ஊசி இறக்க வேண்டிவரும். ஒரு குழந்தைக்காகச் செய்வது, ஒன்றும் அறியாத இன்னொரு குழந்தையையும் பாதிக்கலாம். இதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன்னால் சொல்ல வேண்டாமா?

கேட்பது மூன்றே மூன்று. ஒன்று, பதினொன்று முதல் பதினான்கு வார ஸ்கேனுக்கு மாற்றாக இதை விற்கக்கூடாது. அந்த ஸ்கேன்தான் இரண்டு குழந்தைகளையும் தனித்தனியாகப் பார்க்கும், நஞ்சுக்கொடி ஒன்றா இரண்டா என்றும் சொல்லும். இரண்டு, ஒவ்வொரு குழந்தையின் பங்கையும் தனியாகப் போட வேண்டும். அப்படிப் பிரித்துக் காட்டும் முறைகள் ஏற்கெனவே இருக்கின்றன. பிரிக்க முடியாத ஆய்வகம் அதை ஒளிக்காமல் எழுதட்டும். மூன்று, இந்தத் தாயின் வயதில் பாசிட்டிவ் வந்தால் அது நிஜமாக இருக்கும் வாய்ப்பு எத்தனை என்ற எண்ணை முதல் பக்கத்தில் அச்சிட வேண்டும்.

இந்தியாவில் இதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. ஆணா பெண்ணா என்று சொல்லத் தடைபோட்டதற்காக எல்லோருக்கும் தெரிந்த 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கர்ப்பிணியின் ரத்தத்தைச் சோதிப்பதையும் சேர்த்தே பேசுகிறது. அவளுக்குப் புரியும் மொழியில் எழுத்துப்பூர்வமான சம்மதம் வாங்க வேண்டும் என்றும் சொல்கிறது. இங்கிலீஷில் நாலு பக்கம் நீட்டி "இங்கே ஒரு கையெழுத்துப் போடும்மா" என்பது சம்மதம் ஆகாது.

ஒரு புடவை வாங்கினாலே உள்ளே கிழிசல் இருக்கிறதா என்று விரித்துப் பார்க்கிற ஊர் இது. ரெண்டு உயிர் விஷயத்தில் மடிப்பைப் பிரிக்காமலே வாங்கிக்கொள் என்றால் எப்படி?