ஆத்தாவை எழுப்பி விடுங்கள்

இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் முடிந்த ஆத்தாவுக்குத் திருப்பூர் வீடுகளில் கிடைக்கும் முதல் உபசாரம், “அசையாம படுத்திரு” என்பதுதான். பாசம்தான், ஆனால் ஆபத்தான பாசம். நேற்றுவரை திண்ணையில் பனியன் துணிக்குப் பிசிறு வெட்டிச் சம்பாதித்தவர் அவர். படுத்தே கிடந்தால் நெஞ்சில் சளி கட்டும், காலில் ரத்தம் உறையும், முதுகில் புண் வரும், தசை கரையும். மருத்துவக் காரணம் எதுவும் தடுக்காவிட்டால், மறுநாளே எழுப்பி நடக்கப் பழக்கச் சொல்கிறது பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு அமைப்பான நைஸின் (NICE) வழிகாட்டுதல். மகனும் மருமகளும் ஒன்றரை ஷிப்டுக்குப் போய்விட்டால் வாக்கரோடு கூட நடப்பது யார்? லைன் வீட்டில் கழிப்பறையோ வாசலுக்கு அப்பால். நடக்கப் பழக்க ஒரு வழி இருக்கிறது: 2021 ஆகஸ்டில் தொடங்கிய தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அதைக் கேளுங்கள்.