இன்னும் ஓராண்டு கேட்ட தோட்டத் தொழிலாளி

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில் காய்க்காத அத்திமரம் பற்றிய உவமை ஒன்று உண்டு. மூன்று ஆண்டுகளாகக் கனி தேடி ஏமாந்த தோட்ட உரிமையாளர், மரத்தை வெட்டிவிடக் கட்டளையிடுகின்றார். தொழிலாளியோ இன்னும் ஓராண்டு தவணை கேட்கின்றார். அந்த ஓராண்டை அவர் வெறுமனே காத்திருந்து கழிக்கப் போவதில்லை. மரத்தைச் சுற்றிக் கொத்தி எருவிடுவதாகவும் வாக்களிக்கின்றார். 2025ஆம் ஆண்டுத் தவக்காலத்தின் மூன்றாம் ஞாயிறன்று நமது ஆலயங்களில் வாசிக்கப்பட்ட நற்செய்தி இதுவே.

அதே தவக்காலத்தில் உலகின் வறிய நாடுகள் பலவற்றில் வேறொரு வெட்டு நிகழ்ந்துகொண்டிருந்தது. 2025 ஜனவரி 20ஆம் திகதி ஐக்கிய அமெரிக்காவின் ஜனாதிபதி கைச்சாத்திட்ட ஓர் ஆணையினால் அந்நாட்டின் வெளிநாட்டு உதவிகள் இடைநிறுத்தப்பட்டன. ஜூலை முதலாம் திகதி, அந்நாட்டின் சர்வதேச அபிவிருத்தி முகவரகம் தனி நிறுவனமாக இயங்குவதை நிறுத்தியது. அமெரிக்க ஆயர்களால் நிறுவப்பட்ட கத்தோலிக்க நிவாரண சேவையும் இதனால் பெரிதும் பாதிக்கப்பட்டது. அதன் வரவு செலவில் ஏறக்குறைய அரைவாசி அந்த அரச நிதியிலேயே தங்கியிருந்தது. பசித்தோருக்கு உணவளிக்கும் திருச்சபையின் கரம், தன் கட்டுப்பாட்டில் இல்லாத ஒரு பேனா முனையில் எவ்வளவு தூரம் தங்கியிருக்கின்றது என்பதை அந்த மாதங்கள் வெளிச்சமிட்டுக் காட்டின.

இந்தப் பின்னணியில் தென்மத்திய ஆபிரிக்க நாடான சாம்பியாவின் அனுபவத்தை நாம் ஆராய்வது பயனுடையது. அங்கு மக்களின் அன்றாட உணவு சோளமாவினால் கிண்டப்படும் களியாகும். ‘ந்சிமா’ என அதனை அவர்கள் அழைப்பர். சோளம் பொய்த்தால் நாடே பசித்திருக்கும். அதனால் அரசாங்கங்கள் நீண்டகாலமாகச் சோளச் செய்கைக்கும் இரசாயனப் பசளைக்கும் மானியம் வழங்கி வந்தன. 1991இல் ஆட்சி மாறியபின், சர்வதேச கடன் நிறுவனங்களின் பொருளாதாரச் சீர்திருத்தங்களோடு அந்த மானியங்கள் குறைக்கப்பட்டன. பசளையின்றிச் சோளம் விளைவிக்கும் வழிமுறையை மறந்திருந்த ஏழை விவசாயி, பசளை வாங்கவும் வழியின்றித் தவித்தார். ஆண்டுதோறும் ஒரே பயிரையே சுமந்த மண்ணும் களைத்துப் போயிருந்தது.

தலைநகர் லுசாக்காவுக்கு அண்மையிலுள்ள கசீசி என்னும் இடத்தில் இயேசு சபையினர் 1974ஆம் ஆண்டில் விவசாயப் பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கியிருந்தனர். கனடா நாட்டவரான அருட்சகோதரர் போல் டெமரே அங்கு நீண்டகாலம் பணியாற்றினார். 1990களில் அந்நிலையம் தன் பாதையை மாற்றிச் சேதன விவசாயத்தின் பக்கம் திரும்பியது. அதன் பாடங்கள் எளிமையானவை. வைக்கோலையும் சாணத்தையும் எரிக்காது கூட்டெருவாக்க வேண்டும். சோளத்தோடு கச்சானையும் அவரை இனப் பயிர்களையும் மாறிமாறிப் பயிரிட வேண்டும். சணல் போன்ற பயிர்களை வளர்த்து, பூக்கும் பருவத்தில் மண்ணோடு மண்ணாக உழுதுவிட வேண்டும். இவையெல்லாம் நமது முன்னோரும் அறிந்திருந்தவையே.

சாம்பியரின் சொந்த மண்ணிலும் ஓர் ஆசான் நின்றது. ‘முசாங்கு’ என்று அவர்கள் அழைக்கும் மரம், நமது வேலமரத்துக்கு உறவானது. ஏனைய மரங்களுக்கு மாறாக, மழைக்காலம் தொடங்கும்போது அது இலைகளை உதிர்த்துவிடுகின்றது. ஆதலால் அதன் கீழ் விதைக்கப்படும் சோளத்துக்கு வெயில் தடைப்படுவதில்லை. உதிர்ந்த இலைகள் எருவாகின்றன. வேர்கள் காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் நிலைப்படுத்துகின்றன. வறட்சிக் காலத்தில் மீண்டும் துளிர்த்து ஆடுமாடுகளுக்கு நிழலும் தீனியும் தருகின்றது. கப்பலில் வரும் பசளையை எதிர்பார்த்திருந்தவர்களின் வயலிலேயே படைத்தவர் ஒரு பசளைத் தொழிற்சாலையை நட்டு வைத்திருந்தார். மழைநீர் தேங்கி ஈரம் காக்கும் ‘தம்போ’ என்னும் தாழ்நிலங்களோ, கோடைகாலத்தில் கீரை, தக்காளி, வெங்காயம் விளையும் தோட்டங்களாகின்றன. பெண்கள் ஒன்றுகூடிப் பராமரிக்கும் இத்தகைய தோட்டங்கள், சோளக்களியை மட்டுமே உண்ட பிள்ளைகளின் தட்டில் மரக்கறியையும் வைக்கின்றன.

இந்த வழிக்கு 2002ஆம் ஆண்டில் பெரும் சோதனை வந்தது. தென் ஆபிரிக்கப் பிராந்தியத்தைப் பஞ்சம் வாட்டியபோது, அமெரிக்கா அனுப்பிய உதவியில் மரபணு மாற்றப்பட்ட சோளமும் அடங்கியிருந்தது. சாம்பியாவின் அன்றைய ஜனாதிபதி லெவி முவனவாசா அதனை ஏற்க மறுத்தார். கசீசி நிலையமும் லுசாக்காவிலுள்ள இறையியல் சிந்தனைக்கான இயேசு சபை நிலையமும் இணைந்து இத்தகைய பயிர்களின் விளைவுகளை ஆராய்ந்து எச்சரித்திருந்தன. உணவாக வரும் தானியத்தில் ஒரு பகுதியை ஏழை விவசாயி விதைக்காமல் இருக்க மாட்டார். அது உள்ளூர் விதைகளோடு கலந்துவிட்டால், சொந்த விதையைச் சேமித்து மீண்டும் விதைக்கும் அவரது உரிமைக்கு என்ன நேரும் என்பதே அவர்களது கேள்வியாக இருந்தது.

பசித்திருப்பவன் உணவைத் தெரிவு செய்யலாமா என்று உலகெங்கும் கண்டனம் எழுந்தது. அக்கண்டனத்தை இலகுவாகத் தள்ளிவிடவும் முடியாது. களஞ்சியத்தில் தானியம் இருக்கையில் ஒரு குழந்தை பசியால் வாடுவது நியாயமாகாது. தானியத்தை மாவாக அரைத்துக் கொடுத்தால் விதைக்கும் ஆபத்து நீங்கும் என்று அயல்நாடுகள் சில அதனை ஏற்றுக்கொண்டன. சாம்பியா அதற்கும் இணங்கவில்லை. மரபணு மாற்றப்பட்ட பயிர்கள் குறித்துத் திருச்சபைக்குள்ளும் ஒருமித்த கருத்து இருக்கவில்லை. எனினும் ஓர் உண்மை அந்த விவாதத்தில் தெளிவாயிற்று. கொடுப்பவர் எதைக் கொடுப்பது என்பதைத் தாமே தீர்மானிக்கும்போது, பெறுபவர் மறுத்தாலும் இழக்கின்றார், ஏற்றாலும் இழக்கின்றார். தன் விதையும் தன் மண்ணும் உள்ளவருக்கே தெரிவு செய்யும் சுதந்திரம் உண்டு.

அப்படியானால் தோட்டங்கள் இருந்தால் நிவாரணம் வேண்டியதில்லையா? 2024ஆம் ஆண்டு இதற்கு விடை தந்தது. எல் நினோ காலநிலையினால் மழை பொய்த்தது. பெப்ரவரி 29ஆம் திகதி ஜனாதிபதி ஹகைண்டே ஹிச்சிலேமா வறட்சியைத் தேசிய அனர்த்தமாகப் பிரகடனம் செய்தார். நாட்டின் 116 மாவட்டங்களில் 84 பாதிக்கப்பட்டன. சோளம் பயிரிடப்பட்ட 22 இலட்சம் ஹெக்டேயரில் ஏறக்குறைய 10 இலட்சம் ஹெக்டேயர் அழிந்தது. கரீபா நீர்த்தேக்கம் வற்றியதால் மின்சாரமும் நாளின் பெரும்பகுதி தடைப்பட்டது. கூட்டெரு மண்ணின் ஈரத்தைக் கூடுதலாகக் காக்கும். வானத்திலிருந்து மழையை இறக்காது. அத்தகைய ஆண்டில் வெளியிலிருந்து வரும் உணவு மூட்டை உயிர்காக்கும். அதனை நிறுத்துவது பாவமேயன்றிச் சிக்கனமாகாது.

மறுபுறத்தில், சேதன விவசாயம் என்ற சொல்லைக் கேட்டதும் நமது இலங்கை வாசகர்களின் நெஞ்சில் எழும் கசப்பும் நியாயமானதே. 2021 மே மாதத்தில் இங்கு இரசாயனப் பசளை இறக்குமதி ஒரே வர்த்தமானி அறிவித்தலால் தடை செய்யப்பட்டது. மாற்றுப் பசளை போதியளவு இல்லை. விவசாயிக்குப் பயிற்சியும் இல்லை. மண்ணுக்கு அவகாசமும் இல்லை. நெல் விளைச்சல் வீழ்ந்தது. தேயிலைத் தோட்டங்களும் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு நவம்பரில் தடை நீக்கப்பட்டபோது காலம் கடந்துவிட்டிருந்தது. கசீசியில் ஆண்டுக்கணக்கில், விவசாயி விவசாயியாகக் கற்பித்துச் செய்யப்பட்டதை இங்கு ஒரு கட்டளையால் செய்ய முயன்றோம். நோக்கம் நல்லதாயினும், தவணை கொடுக்காத உரிமையாளரின் அவசரமே அதில் இருந்தது.

மானியம் நிறுத்தப்பட்டதும், உதவி இடைநிறுத்தப்பட்டதும், பசளை தடை செய்யப்பட்டதும் ஒரே இயல்பின் மூன்று முகங்களாகும். மேலிருந்து வந்த தீர்மானம் ஒவ்வொன்றும் கீழே மண்ணைக் கொத்துபவரிடம் எதையும் கேட்கவில்லை. உவமையிலுள்ள தொழிலாளியோ மரத்தின் அருகே நிற்பவர். அதன் வேரை அறிந்தவர். ஆதலால்தான் அவர் கால அவகாசத்தையும் உழைப்பையும் ஒன்றாகச் சேர்த்துக் கேட்கின்றார். உழைப்பற்ற அவகாசம் சோம்பலாகும். அவகாசமற்ற உழைப்பு வன்முறையாகும்.

திருச்சபையின் மறைபரப்புப் பணி இத்தொழிலாளியின் இடத்தில் நிற்கவேண்டும். திருத்தந்தை ஆறாம் பவுல் 1967இல் வெளியிட்ட ‘மக்களின் முன்னேற்றம்’ என்னும் சுற்றுமடல், முழு மனிதரின் முன்னேற்றத்தையே உண்மையான முன்னேற்றமாகக் கண்டது. 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் ‘லவுதாத்தோ சி’ சுற்றுமடலில் பூமியின் அழுகுரலையும் ஏழையின் அழுகுரலையும் ஒன்றிணைத்துக் கேட்க அழைத்தார். தோட்டம் அமைக்க உதவும் பணியாளர், மதம் மாற்றுவதற்கான தூண்டிலாக அதனைப் பயன்படுத்தினால் நற்செய்தியையே மலினப்படுத்துவார். தான் திரும்பிச் சென்றபின்னும் அத்தோட்டம் காய்க்கும்படி விட்டுச் செல்பவரோ, ஒரு சொல்லும் பேசாமலே படைத்தவருக்குச் சாட்சியாகின்றார்.

இத்தகைய பணிக்குப் புகழ் குறைவு. உணவு மூட்டைகள் கைமாறும் காட்சியைப் புகைப்படம் எடுக்கலாம்; மண் வளம்பெறும் காட்சியை எடுக்க முடியாது. நிதி வழங்குபவரின் அறிக்கைக்கு ஒரு வருடத்தில் விளைவு தேவை. முசாங்கு மரம் வளரவோ பல வருடங்கள் தேவை. எனவே இப்பணியைத் தாங்கவேண்டியவர்கள் அரசுகளல்ல, பொறுமையுள்ள நம்பிக்கையாளர்களே. அரசாங்கத்தின் ஓராணையால் நிற்காதது, பல்லாயிரம் குடும்பங்கள் தவறாது தரும் சிறு காணிக்கை மட்டுமே.

தவக்காலத்தில் நமது பங்குகளிலும் ஒறுத்தல் காணிக்கை சேர்க்கப்படுகின்றது. அதைக் கொடுப்பதோடு நமது கடமை முடிந்ததாக எண்ணாது, அது எங்கு சென்று என்னவாக வளர்கின்றது என்று கேட்டறிவோம். பசித்தவருக்கு இன்றைய உணவும், அடுத்த பருவத்துக்கான விதையும் அதில் அடங்கியிருக்கின்றனவா எனப் பார்ப்போம். நமது வீட்டு முற்றத்தில் ஒரு பாத்தியைக் கொத்தி, சமையலறைக் கழிவை எருவாக்கி, விளைந்த கீரையில் ஒரு பிடியை அயலவருக்குக் கொடுக்கும் குடும்பம், தொலைவிலுள்ள சாம்பிய விவசாயியின் உழைப்பின் மதிப்பையும் உணர்ந்துகொள்ளும்.

லூக்காவின் உவமை, மரம் காய்த்ததா இல்லையா என்பதைச் சொல்லாமலே முடிகின்றது. உரிமையாளர் தவணை கொடுத்தார் என்றுகூட அங்கு எழுதப்படவில்லை. அந்த முடிவை எழுதும் பொறுப்பு மண்வெட்டியைக் கையில் ஏந்தியோரிடமும், அவர்களுக்காகத் தவணை கேட்கும் நம்மிடமும் ஒப்படைக்கப்பட்டுள்ளது.