ஒவ்வாதது எந்தப் பால்?

சொல் தவறினால் சிகிச்சையும் தவறும். இதற்கு நம் வீடுகளிலேயே சான்று உண்டு. கைக்குழந்தை ஓயாது அழுதாலும், உடலிற் கரப்பன் கண்டாலும், மலத்திற் சளியோ இரத்தமோ தோன்றினாலும், "பிள்ளைக்குப் பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்று ஒரு தீர்ப்பு எழுகிறது. எந்தப் பால் என்று எவரும் கேட்பதில்லை. கேளாமையால் தாய் தன் பாலையே ஐயுறுகிறாள். மார்பை விலக்கிப் புட்டியை நாடுகிறாள். அப்புட்டியிற் கரைந்திருப்பதோ பசுப்பால் மா! ஐயுற வேண்டிய பொருளையே அள்ளி ஊட்டும் இவ்விபரீதத்தை என்னென்பது?

மருத்துவம் கூறுவது வேறு. தாய் உண்ட பசுப்பாலின் புரதம் மிக நுண்ணிய அளவில் அவள் பாலிற் கலந்து வரும். அதனை ஏற்காத குழந்தைகள் சிலர் உளர். அவர்களுக்கு ஒவ்வாதது பசுவின் புரதமேயன்றித் தாயின் பால் அன்று. பாற்சர்க்கரை செரியாமையோ இதனின் வேறானது. தாய் எதை உண்டாலும், உண்ணாவிடினும், அவள் பாலிற் சர்க்கரை இருந்தே தீரும். இவ்விரண்டையும் ஒரே சொல்லால் வழங்குவது பெருங்குழப்பம்.

இவ்வொவ்வாமை அரிது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. டென்மார்க்கின் ஓடென்சே நகரில் 1985இல் பிறந்த 1,749 குழந்தைகளை ஆராய்ந்தனர். பசுப்பால் ஒவ்வாமை கண்டவர் 39 பேர். அவருள் தாய்ப்பால் மட்டுமே பருகியபோது நோயுற்றவர் ஒன்பதின்மரே. அழுகை மாத்திரம் நோய்க்குறி ஆகாது. ஆறாவது வாரமளவில் அது உச்சமடைந்து, மூன்று நான்கு மாதங்களில் தானே தணிவது இயல்பு.

குழந்தைக்காகத் தாய் பத்தியம் காப்பது நமக்குப் புதிதன்று. சரக்குக் கறியுண்டு, கிரந்தி என்றும் வாய்வு என்றும் பலவற்றை விலக்கி வாழ்ந்தவர்கள் நம் தாய்மார். அவ்வழக்கத்தை நான் இகழேன். ஆயின் பத்தியத்துக்குக் காரணமும் வேண்டும், எல்லையும் வேண்டும். வைத்தியர் ஐயுற்றால், இரண்டு முதல் நான்கு வாரம் பால், தயிர், நெய், பட்டர், பால்மாத் தேநீர், பால் கலந்த பிஸ்கட் ஆகியவற்றை முற்றாக விலக்குக. குறி தணிந்ததாயின் மீண்டும் பாலை உண்டு பார்க்க வேண்டும். குறி திரும்பினால் மட்டுமே ஐயம் உறுதியாகும். திரும்பாவிடின் பத்தியம் அன்றே முடிந்தது. இந்த மறுசோதனையை விட்டுவிட்டு, மாதக்கணக்கில் வீணே வாடும் தாய்க்கு எவர் பொறுப்பு?

"ஆட்டுப்பால் குடி" என்னும் அறிவுரையும் பயன்படாது. ஆட்டின் புரதம் பசுவின் புரதத்தைப் பெரிதும் ஒத்தது. தேங்காய்ப்பாலோ பெயரளவிலேயே பால். அதனைத் தாராளமாய்ச் சேர்க்கலாம். ஆனால் பாலிலுள்ள சுண்ணாம்புச்சத்தை அது ஈடுசெய்யாது. குரக்கன், எள்ளு, முருங்கையிலை, முள்ளோடு உண்ணும் நெத்தலி ஆகியன நம் முற்றத்திலும் சந்தையிலும் உள்ளனவே. போதாவிடின் வைத்தியர் மாத்திரை தருவார். உறுதியான ஒவ்வாமையும் ஆயுட்காலத் தண்டனையன்று. மூன்று வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகள் அதனைக் கடந்துவிடுகின்றன.

இரத்தம் கலந்த மலம், விடாத வாந்தி, நிறை ஏறாமை என்பன கண்டால் தாமதியாது வைத்தியரிடம் செல்க. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு விரைக. ஏனைய ஐயங்களுக்குக் குடும்பநல மாது இருக்கிறார்.

மானிப்பாயில் மருத்துவம் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீன், 1857இலேயே மகப்பேற்று மருத்துவ நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். நோயையும் மருந்தையும் தமிழிலேயே தெளிவாகச் சொல்ல இயலும் என்று காட்டிய மண் இது. அம்மண்ணின் ஆசிரியரும் மாணவரும் இந்தச் சிறு திருத்தத்தையேனும் செய்யலாகாதா? "பால் ஒத்துக்கொள்ளவில்லை" என்னாது, "பசுப்பால் ஒவ்வாதோ என்று ஐயம்" என்று சொல்லுவோம். அந்த ஒரு சொல், ஒரு தாயின் மார்பிலிருந்து அவள் பிள்ளை பிரிக்கப்படாமற் காக்கும்.