நியூட்ரினோவுக்கு அஞ்ச வேண்டுமா?

காலை வழிபாட்டுக்காக நாம் மைதானத்தில் வரிசையாக நிற்கிறோமே, அந்தச் சிறிது நேரத்தில் சூரியனிலிருந்து புறப்பட்ட கோடானுகோடி நுண்துகள்கள் நம் உடலை ஊடுருவிச் செல்கின்றன. ஒரு விரல்நகத்தின் பரப்பில் மட்டும் வினாடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி! பள்ளிச் சுவரையும் ஆரணி ஆற்று மணலையும் கடந்து அவை பூமியின் மறுபுறம் வெளியேறிவிடுகின்றன. இரவிலும் அவற்றுக்கு ஓய்வில்லை. அப்போது நம் காலடியிலிருந்து மேல்நோக்கி வருகின்றன. இவற்றின் பெயர்தான் நியூட்ரினோ. இவற்றால் யாருக்கும் ஒரு தலைவலிகூட வந்ததில்லை.

1930இல் பௌலி என்னும் விஞ்ஞானி, கணக்கில் குறைந்த சக்தியை ஈடுசெய்ய இப்படி ஒரு துகள் இருந்தே தீரவேண்டும் என்று ஊகித்தார். 1956இல்தான் அமெரிக்காவில் ரைன்ஸ், கோவன் இருவரும் அணு உலையின் அருகே அதைக் கண்டறிந்தனர். அதற்கு நிறையே இல்லை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 1998இல் ஜப்பானில், பூமிக்கடியில் 50,000 டன் நீர் நிரப்பிய தொட்டியில் நடந்த ஆய்வு அந்த எண்ணத்தை மாற்றிவிட்டது. நியூட்ரினோவில் மூன்று வகை உண்டு. ஒரு வகை போகும் வழியிலேயே மற்றொரு வகையாக மாறுகிறது. நிறை இருந்தால்தான் இந்த மாற்றம் நிகழும். ஆனால் எவ்வளவு நிறை? மூன்று நிறைகளில் இரண்டு நெருக்கமானவை, மூன்றாவது தள்ளி நிற்கிறது. அது மற்ற இரண்டையும்விடக் கனமா, இலேசா? உலக ஆய்வுக்கூடங்கள் போட்டியிட்டுத் தேடும் விடைகளில் இது ஒன்று.

இந்தத் தேடலில் நம் நாடு பின்வரிசையில் இருந்ததில்லை. வானிலிருந்து பொழியும் காஸ்மிக் கதிர்களின் இரைச்சலில் நியூட்ரினோவின் தடம் அகப்படாது. அந்த இரைச்சலை வடிகட்டப் பெரும்பாறை வேண்டும். அதனால் 1965இல் பம்பாய் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார், ஜப்பானிய, ஆங்கிலேய விஞ்ஞானிகளோடு கோலார் தங்கச் சுரங்கத்தில் இறங்கினர். தரைக்கு இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே, காற்று மண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோவின் தடத்தைக் கண்டனர். அதே ஆண்டு தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றிலும் அது தென்பட்டது. அதற்கு முன் உலகில் எவரும் கண்டதில்லை. அந்தக் கோலார் சுரங்கத்தில் உழைத்தவர்களில் பெரும்பகுதியினர் தமிழ்த் தொழிலாளர்கள் என்பதையும் இங்கே சொல்லவேண்டும். 2001இல் சுரங்கம் மூடப்பட்டது. ஆய்வு அதற்கு முன்பே நின்றுபோயிற்று.

மீண்டும் தொடங்குவதற்காக நம் மாநிலத்தில் இடம் தேடினார்கள். முதலில் நீலகிரியில் சிங்காரா. அது யானைகள் நடமாடும் காடு என்பதால் 2009இல் மறுக்கப்பட்டது, மறுத்தது சரியே. பின்னர் தேனி மாவட்டத்தில் பொட்டிபுரம். மலையைக் குடைந்து சுமார் இரண்டு கிலோமீட்டர் சுரங்கப்பாதை, உள்ளே காந்தமேற்றிய 50,000 டன் இரும்புக் கருவி. சுமார் 1,500 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு 2015இல் மத்திய அரசின் ஒப்புதல் வந்தது. ஊரார் எதிர்த்தார்கள், வழக்குகள் நடந்தன. மேற்குத் தொடர்ச்சி மலையையும் புலிகளின் வழித்தடத்தையும் காரணம் காட்டி, அனுமதிக்க இயலாது என்று 2022இல் மாநில அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது. குகை வெட்டப்படவேயில்லை.

இதில் நம் கருத்து என்ன? இரண்டு அச்சங்கள் ஒன்றாகக் கலந்துவிட்டன என்பதே. நியூட்ரினோ ஆளைக் கொல்லும், அங்கே அணுக்கழிவைப் புதைப்பார்கள் என்பவை ஒரு வகை. இவற்றுக்கு ஆதாரமில்லை. வந்துகொண்டே இருக்கும் நியூட்ரினோவை எண்ணிப் பார்க்கும் கருவியே தவிர, உண்டாக்கும் கருவி அன்று அது. ஆனால் பாறைக்கு வெடி வைத்தால் மலை என்ன ஆகும், வெட்டிய கல்லை எங்கே கொட்டுவார்கள், தண்ணீரை எங்கிருந்து எடுப்பார்கள் என்பவை மற்றொரு வகை. இவற்றை அறியாமை என்று தள்ளிவிட முடியாது. கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அருகில் வாழும் நமக்கு இது புரியாதா? ஊருக்கு அருகில் புதிதாக ஏதோ வருகிறது என்றால், நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது கிணற்றைப் பற்றித்தானே!

முதல் அச்சத்துக்குத் தமிழில் பொறுமையான விளக்கமும், இரண்டாவதற்கு எவரும் சரிபார்க்கக்கூடிய கணக்கும் வேண்டியிருந்தன. விஞ்ஞானிகள் சிலர் ஊர் ஊராகச் சென்று பேசினார்கள் என்பதை மறுக்கவில்லை. ஆனால் இடத்தைத் தேர்ந்தெடுத்தபின் விளக்குவதற்கும், ஊராரைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதற்கும் வேறுபாடு உண்டு. வீட்டில் பெண் பார்த்து முடித்தபின் பெண்ணைக் கேட்பது போலத்தான் இதுவும்! அதற்காக, “இந்த ஆராய்ச்சியால் சோறு வருமா?” என்று கேட்டு எல்லாவற்றையும் மூடிவிடுவோரோடும் நாம் உடன்படவில்லை. சீனத்தில் 20,000 டன் திரவம் நிரப்பிய ஆய்வுக்கூடம் 2025 ஆகஸ்டில் வேலையைத் தொடங்கிவிட்டது. கனமா, இலேசா என்ற அதே கேள்வியைத்தான் அவர்களும் கேட்கிறார்கள். 1965இல் முன்னால் நின்ற நாம், இன்று அந்த விடைக்குப் பிறர் முகம் பார்க்கிறோம். இது நமக்கு வருத்தமே.

பொட்டிபுரத்துக்கென எண்ணிய கருவியின் 85 டன் எடையுள்ள சிறிய மாதிரி ஒன்று 2018இல் மதுரையில் அமைக்கப்பட்டது. இவ்வாண்டுக் கல்விச் சுற்றுலா மதுரைக்கு என்று பேச்சு அடிபடுகிறது. திருமலை நாயக்கர் மகாலை எல்லாரும் பார்க்கிறார்கள். இதையும் பார்க்க அனுமதி கேட்டு ஒரு கடிதம் எழுதுமாறு தலைமை ஆசிரியை சிஸ்டர் அவர்களைப் பணிவுடன் வேண்டுகிறோம். கேட்க வேண்டிய கேள்விகளை நோட்டில் எழுதி வைத்திருக்கிறோம். முதல் கேள்வி தண்ணீரைப் பற்றியது.