அனலாக்னா உசிரு, டிஜிட்டல்னா பொணமா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை கிதார் கிளாஸ் முடிஞ்சு வந்த என் பொண்ணு, பையைக் கழட்டி மூலையில் சாத்தினதோட சரி. மூணு வாரம் அதைத் தொடவே இல்லை. என்னம்மா ஆச்சுன்னு கேட்டா, "நம்ம பெட்டி டிஜிட்டலாம்ப்பா. அதுல வர்றது நிஜ சவுண்டே இல்லையாம். அனலாக் பெடல் இல்லாம வாசிச்சா வேஸ்ட்டாம்" என்கிறாள். சொன்னது கூட வாசிக்கிற பையனோட அண்ணன். மேடையில் வாசிக்கிறவர், அதனால் வேதவாக்கு.

எனக்குப் பத்திக்கிட்டு வந்தது. பெங்களூரில் இருபது வருஷமா சிக்னல் ப்ராசஸிங்கில்தான் ஆணி புடுங்கிட்டு இருக்கேன். என் வீட்டுக்குள்ளேயே வந்து எண்ணுக்கு உசிர் இல்லைன்னா சும்மா இருக்க முடியுமா? இந்த ஊர்ல பிள்ளைக்கு எலக்ட்ரிக் கிதார் வாங்கிக் கொடுத்துட்டு, அடுத்து என்ன செலவு வருமோன்னு முழிக்கிற நம்மாளுங்க நிறையப் பேர் உண்டு. அவங்களுக்காகவும்தான் இது.

முதல்ல விஷயம். கிதார் கம்பிக்குக் கீழே காந்தமும் செம்புச் சுருளும் இருக்கு. கம்பி அதிர்ந்தா சின்னதா ஒரு மின்னழுத்தம் கிளம்பும். அனலாக் பெடலில் அது டிரான்சிஸ்டர், டையோடு, ஆப்-ஆம்ப் வழியா அப்படியே ஓடி உருமாறும். டிஜிட்டல் பெட்டி அதை வினாடிக்கு 44,100 தடவையோ 48,000 தடவையோ அளந்து எண்ணாக்கி, கணக்குப் போட்டு, திரும்ப மின்னழுத்தமா மாத்தித் தரும். வித்தியாசம் இவ்வளவுதான். இனி அண்ணன்மார் வைக்கிற குற்றச்சாட்டுகளைப் பார்ப்போம்.

ஒண்ணு: "டிஜிட்டல்ல அலை படிக்கட்டு மாதிரி வெட்டுப்பட்டிருக்கும்." படம் போட்டே காட்டுவாங்க. அந்தப் படம் பாதிக் கதை. வெளியே வர்ற வழியில் ஒரு வடிகட்டி உண்டு, ஜாக்கில் வர்றது வழவழப்பான அலைதான். 44,100 தடவை அளந்தா 22 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும் முழுசா மீட்டுடலாம். கிதார் ஆம்ப்பில் இருக்கிற ஸ்பீக்கரோ 5 கிலோஹெர்ட்ஸ் தாண்டினதுமே சரசரன்னு இறங்கிடும். அந்த ஸ்பீக்கர் வழியா இல்லாத படிக்கட்டைக் காதால கண்டுபிடிச்சேன்னு சொல்றவரை என்னன்னு சொல்ல?

ரெண்டு: "டிஜிட்டல்ல லேட்டாகும், விரலுக்கும் சத்தத்துக்கும் ஒட்டாது." ஆகும்தான். நல்ல பெட்டியில் சில மில்லி செகண்ட். ஒலி ஒரு மில்லி செகண்டில் சுமார் 34 சென்டிமீட்டர் போகும். 3 மில்லி செகண்ட் லேட்டுங்கிறது ஆம்ப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி நிக்கிறதுக்குச் சமம். மேடையில் அண்ணன் மூணு மீட்டர் தள்ளி நின்னு வாசிக்கிறாரே, அப்போ மட்டும் ஒட்டுதா?

மூணாவதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது: "டிலேன்னா அனலாக்தான், அந்த வெதுவெதுப்பு டிஜிட்டல்ல வராது." அந்த அனலாக் டிலேவுக்குள்ளே இருக்கிறது 1969-ல் பிலிப்ஸ் ஆய்வகத்தில் பிறந்த 'பக்கெட் பிரிகேட்' சில்லு. கல்யாணப் பந்தியில் சாம்பார் வாளி கைமாறிக் கைமாறிப் போகுமே, அதே மாதிரி ஒவ்வொரு கிளாக் துடிப்புக்கும் மின்னூட்டம் ஒரு மின்தேக்கியிலிருந்து அடுத்ததுக்குப் போகும். அதாவது அதுவும் சிக்னலைத் துண்டு துண்டா சாம்பிள்தான் எடுக்குது, எண்ணாக்கலை, அவ்வளவுதான்! 4,096 படி உள்ள சில்லில் 200 மில்லி செகண்ட் டிலே வேணும்னா கிளாக்கைச் சுமார் 10 கிலோஹெர்ட்ஸுக்கு இறக்கணும். அப்போ 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே ஒண்ணும் தேறாது. அந்த மழுங்கலுக்குத்தான் வெதுவெதுப்புன்னு பேர். அழகாத்தான் இருக்கும், நான் மறுக்கலை. ஆனா அது 'தூய' சிக்னல்னு மட்டும் கதை விடக்கூடாது. யூ2 குழுவின் எட்ஜ் 1980-களிலேயே கோர்க் டிஜிட்டல் டிலேயை வச்சு வாசிச்சவர். அவர் வாசிப்பில் உசிர் இல்லையா?

பேச்சு போதும்னு வீட்டிலேயே சோதனை வச்சேன். பக்கத்து பிளாட் தம்பியோட அனலாக் ஓவர்டிரைவ் பெடல் ஒண்ணு, நம்ம பெட்டி ஒண்ணு. ஆம்ப் ஒண்ணேதான். ரெண்டின் சத்த அளவையும் சரிசமமா வச்சேன் (இது முக்கியம், கொஞ்சம் சத்தம் கூடினாலே 'நல்லா இருக்கு'ன்னு காது ஏமாந்துடும்). தம்பி திரைக்குப் பின்னாடி நின்னு மாத்தி மாத்தி இருபது தடவை வாசிச்சான். பொண்ணு எழுதினதில் 11 சரி. காசு சுண்டிப் போட்டாலே 10 வரும்.

நியாயத்தையும் சொல்லிடறேன். அதே தம்பி ஒரு பழைய பாணி ஃபஸ் பெடல் போட்டு, கிதார் வால்யூம் குமிழை மெல்லக் குறைச்சான். இரைச்சல் தேஞ்சு தேஞ்சு சுத்தமான நாதமா மாறினது. நம்ம பெட்டியில் அது வரலை. ஃபஸ்ஸோட உள்நுழைவு மின்தடை குறைவு, அது பிக்கப்போட நேரடியா மல்லுக்கட்டும். பெட்டியோ நடுவில் ஒரு பஃபர் போட்டு அந்த உறவை வெட்டிடுது. அனலாக் ஜெயிக்கிற இடம் இது. அதே மாதிரி மலிவான பெட்டியில் டிஸ்டார்ஷனைக் கூட்டினா சுருதி சேராத ஒரு கீச்சு வரும், அதுவும் நிஜம். மேலே போன ஸ்வரங்கள் மடங்கிக் கீழே விழறது. கூடுதல் வேகத்தில் கணக்குப் போடுற பெட்டியில் இது அடங்கிடும்.

இன்னொண்ணு ரிப்பேர். அனலாக் பெடல் செத்தா எஸ்.பி. ரோட்டிலோ ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஒரு ஆப்-ஆம்ப் வாங்கிப் பத்த வச்சுடலாம். டிஜிட்டல் போர்டு போனா பெரும்பாலும் குப்பைதான். இப்படிக் காரணம் சொல்லி அனலாக் வாங்குங்க, நானே கூட வந்து தேடித் தர்றேன்.

என் கோபமெல்லாம் அந்த 'நிஜ சவுண்டு' மேலதான். நம்ம வீட்டு மாமிகள் வருஷக்கணக்கா எலெக்ட்ரானிக் சுருதிப் பெட்டி போட்டுத்தான் பாடறாங்க. அதனால கீர்த்தனை பொய்யாயிடுச்சா? பதினாறு வயசுப் பிள்ளைகிட்ட "உன் பெட்டி பொய்"னு சொன்னா அவளுக்கு "உன் வாசிப்பு பொய்"னுதான் கேக்குது. மூணு வாரம் கை வைக்காம இருந்தது அதனாலதான்.

அதனால அப்பா அம்மாக்களே, யாராவது அனலாக்தான் வேணும்னு சொன்னா பர்ஸைத் திறக்காதீங்க. வீட்டு வேட்டியை ஒரு திரையாக் கட்டி, அவரையே பின்னாடி உக்கார வச்சு இருபது தடவை கேட்கச் சொல்லுங்க. பதினாறு பதினேழு சரியா சொன்னார்னா வாங்கிக் கொடுத்துடுங்க, தப்பே இல்லை.

எங்க வீட்டில் நேத்து ராத்திரி பதினொரு மணிக்கு வாசிப்பு நடந்தது. ஹெட்ஃபோன் போட்டிருந்தாள், கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டலை. இந்த வசதி அண்ணனோட பெடல்லயும் ஆம்ப்லயும் உண்டான்னு கேட்டுச் சொல்லுங்க :-)