முதல் கார்டு கணக்குள்ள வங்கியில்

கிரெடிட் கார்டு மாநகரத்துச் சம்பளக்காரர்களுக்கு மட்டும் உரியதாக இருந்த காலம் போய்விட்டது. 2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில் ஆசிரியர், மளிகைக் கடைக்காரர், கரும்பு விவசாயி என்று எல்லோருடைய கைப்பேசிக்கும் “கார்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்ற அழைப்பு வருகிறது. பல வருடமாகக் கணக்கு வைத்திருக்கும் வங்கியில் வாங்குவதா, கூடுதல் சலுகை தருவதாகச் சொல்லும் வேறு வங்கிக்குப் போவதா என்ற குழப்பமும் கூடவே வருகிறது. முதல் கார்டைக் கணக்குள்ள வங்கியில்தான் வாங்க வேண்டும் என்பது என் முடிவு. நம் கைக்குப் பணம் எந்த மாதத்தில் வரும், எந்த மாதத்தில் வராது என்பதற்கான பதிவு அந்த வங்கியிடம்தான் இருக்கிறது. சிக்கல் வந்தால் பாஸ்புக்கோடு நேரில் போய் நிற்கக்கூடிய இடமும் அதுதான்.

இந்த மாவட்டத்தின் வருமானம் மாதக் காலண்டரைப் பார்த்து வருவதில்லை. மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளுக்குக் கரும்பு வெட்டி அனுப்புகிறவருக்குப் பத்துப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் பணம். கல்வராயன் மலையில் மரவள்ளி போடுகிறவருக்கும் கிழங்கு பிடுங்கிய பிறகுதான் காசு. சாமை, கடுக்காய், புளி எல்லாமே பருவத்தைப் பொறுத்தவை. கிரெடிட் கார்டோ மாதம் தவறாமல் ஒரு தேதியில் பணம் கேட்கும். வரவு வருடத்துக்கு ஒருமுறை, கெடு மாதத்துக்கு ஒருமுறை என்ற இந்தப் பொருத்தமின்மைதான் இங்கே உண்மையான ஆபத்து. கணக்கின் வரவு செலவைப் பார்க்கும் வங்கியிடம் “எனக்கு இந்த மாதத்தில்தான் பணம் வரும், வரம்பைக் குறைத்துக் கொடுங்கள்” என்று கேட்கலாம். பில் தேதியை மாற்றிக்கொள்ளும் வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. எந்தத் தேதி நமக்குத் தோதானது என்பதை வரவுப் பதிவைக் கையில் வைத்துக்கொண்டு பேசுவது எளிது.

கெடு நாளில் முழு பில்லைக் கட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். பில் 20,000 ரூபாய். “குறைந்தபட்சத் தொகை” என்று காட்டப்பட்ட 1,000 ரூபாயை மட்டும் கட்டுகிறோம். மீதி 19,000. பல கார்டுகளில் உள்ளபடி மாதம் 3.5 சதவீத வட்டி என்றால் 665 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 120 ரூபாய். அடுத்த மாதம் இன்னொரு 1,000 கட்டினால் அதில் 785 வட்டிக்கும் வரிக்குமே போய்விடும். கடன் குறைவது வெறும் 215 ரூபாய். ஆண்டுக்கு இந்த வட்டி 42 சதவீதம். ஆலை கரும்புப் பணத்தை 14 நாளில் தராவிட்டால் 1966 கரும்புக் கட்டுப்பாட்டு ஆணைப்படி விவசாயிக்குத் தர வேண்டிய வட்டியே ஆண்டுக்கு 15 சதவீதம்தான். கார்டு பாக்கிக்கு ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வட்டி வசூலிப்பது முறையற்றது என்று 2008-ல் தேசிய நுகர்வோர் ஆணையம் தீர்ப்பளித்தது. 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்துவிட்டது. ஆகவே நம்மைக் காக்கும் உச்சவரம்பு எதுவும் இப்போது இல்லை. உரத்துக்கும் விதைக்கும் கிரெடிட் கார்டைத் தேய்ப்பது தவறு. அதற்குக் கிசான் கடன் அட்டை இருக்கிறது: 3 லட்சம் வரை ஆண்டுக்கு 7 சதவீத வட்டி, தவணை தவறாமல் கட்டினால் 4 சதவீதம்.

கடைச் செலவுக்கு ஒரு கார்டு வேண்டும் என்கிறவருக்கும் கணக்குள்ள வங்கி குறைந்ததல்ல. சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ சிறு கடைகளில் கார்டு தேய்க்கும் இயந்திரம் இருக்காது, க்யூஆர் அட்டை இருக்கும். அங்கே யுபிஐ வழியாகச் செலுத்த ரூபே கிரெடிட் கார்டு தேவை. 2022 செப்டம்பரில் இந்த வசதி தொடங்கியபோது முதலில் வந்த வங்கிகளுள் இந்தியன் வங்கியும் ஒன்று. வருமான வரிக் கணக்கு காட்ட முடியாதவருக்கு வங்கி கார்டு மறுக்குமே என்று கேட்கலாம். வைப்புத்தொகையை ஈடாக வைத்துக் கார்டு தரும் வழி பல வங்கிகளில் உண்டு. வரம்பு வைப்புத்தொகைக்குள் நிற்கும், கடன் மதிப்பெண்ணும் வளரும்.

இதற்கு மறுப்புகள் உண்டு. ஒன்று, வேறு வங்கியில் ஆண்டுக் கட்டணம் கிடையாது, புள்ளிகள் அதிகம் என்பது. மாதம் 8,000 ரூபாய் செலவழிப்பவருக்கு ஒரு சதவீதம் திரும்பக் கிடைத்தாலும் 80 ரூபாய்தான். மேலே சொன்ன ஒரு மாத வட்டியும் வரியும் சேர்ந்தால் அதைப் போல ஒன்பது மடங்குக்கும் அதிகம். இரண்டு, கார்டு பாக்கியைச் சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் உரிமை அதே வங்கிக்கு உண்டே என்பது. இது நியாயமான அச்சம். ஆனால் வேறு வங்கியில் கடன் பட்டாலும் அது மறைந்துவிடாது. வட்டியாக வளர்ந்து, வசூல் ஆளாக வாசலுக்கு வரும். சிறிய வரம்பும், கெடு நாளில் முழுத் தொகையும் கணக்கிலிருந்து தானாகக் கழியும் ஏற்பாடும் இந்த அச்சத்தைப் பெரிதும் போக்கிவிடும். மூன்று, நம் வங்கியின் கார்டு உண்மையில் நம் வங்கியுடையதுதானா என்பது. பாரத ஸ்டேட் வங்கியின் கார்டை எஸ்பிஐ கார்டு என்ற தனி நிறுவனமும், பாங்க் ஆஃப் பரோடாவின் கார்டை பாப்கார்டு என்ற தனி நிறுவனமும் வழங்குகின்றன. இந்த மறுப்பு சரியானது. கையெழுத்துப் போடும் முன், கார்டை வழங்குவது யார், புகாரை இந்தக் கிளையில் வாங்குவார்களா என்று கேட்டே ஆக வேண்டும். “வாங்க மாட்டோம்” என்றால் என் வாதத்தின் பாதி பலம் அங்கே போய்விடுகிறது.

இந்தக் கேள்வி மலைவாசிகளுக்கு இன்னும் முக்கியம். சிக்னல் நிற்காத ஊர்கள் அங்கே இன்னும் இருக்கின்றன. ஓடிபி வராத இடத்தில் தொலைபேசி உதவி மையத்தை நம்பி ஒருவர் என்ன செய்ய முடியும்? வெள்ளிமலையிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகப் பேருந்தில் இறங்கி வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போகிறது. அந்த நாள் வீணாகாமல், பெயர் சொன்னால் கணக்கைத் திறந்து பார்க்கும் ஒரு கிளையில் முடிய வேண்டும்.

எந்த வங்கியாக இருந்தாலும் சில உரிமைகள் பொது. கேட்காமல் கார்டு கொடுக்கக் கூடாது. மூடச் சொன்னால், பாக்கி இல்லாத பட்சத்தில், ஏழு வேலை நாளுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும். இவை 2022 ஜூலையில் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி விதிகள். வங்கி 30 நாளில் புகாரைத் தீர்க்காவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரத்துக்கு 14448 என்ற எண் இருக்கிறது. அழைப்பில் சொல்லும் சலுகையைக் கேட்டுத் தலையாட்டும் முன் பாஸ்புக்கை எடுத்து, கடந்த பன்னிரண்டு மாதத்தில் எந்தெந்த மாதம் பணம் வந்தது என்று ஒருமுறை பாருங்கள். பணம் வராத மாதங்களிலும் முழு பில்லைக் கட்ட முடியும் என்றால் மட்டும் கணக்குள்ள வங்கிக்குப் போய் ஒரே ஒரு கார்டு வாங்குங்கள். முடியாது என்றால் எந்த வங்கியின் கார்டும் வேண்டாம்.