புதையல் பைத்தியம்

என் மனைவிக்கு ஒரு தம்பி உண்டு. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற சாலையில், பெருமுக்கல் மலையடிவாரத்தில், பாட்டன் வைத்துவிட்டுப் போன ஓட்டு வீடும் அதன் பின்னால் பத்துச் சென்ட் புழக்கடையும் அவனுக்குச் சொந்தம். நல்ல பிள்ளை. குடி கிடையாது, சீட்டு கிடையாது. ஆனால் சென்ற வருஷம் ஒரு மெட்டல் டிடெக்டர் வாங்கினான். அதற்குச் சீட்டாட்டமே தேவலை என்று இப்போது நினைக்கிறேன். சீட்டாடுகிறவன் தன் பணத்தைத்தான் தொலைப்பான்.

பொங்கலுக்குப் போயிருந்தபோது புழக்கடையைப் பார்த்தேன். அம்மை வார்த்த முகம் போல இருந்தது. பதினேழு குழிகள். முருங்கை மரத்தின் வேர் வெளியே தெரிந்தது. துவைக்கிற கல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது. காதில் குமிழை மாட்டிக்கொண்டு, முனையில் தட்டுப் போல வளையம் வைத்த கோலை நிலத்துக்குச் சற்று மேலே வீசி வீசி நடந்து காட்டினான். கோல் 'கீய்' என்றது. தோண்டினான். சோடா மூடி.

"இது போல எத்தனை சேர்ந்திருக்கிறது?" என்று கேட்டேன்.

ஒரு தகர டப்பாவைக் கவிழ்த்தான். ஆணிகள், மாட்டு லாடம், சைக்கிள் செயின் துண்டு, ஊக்கு, நசுங்கிய டம்ளர். இவற்றுக்கு நடுவே ஒரு தீப்பெட்டி. அதைத் திறக்கும்போது அவன் முகத்தில் முதல் பிள்ளையைக் காட்டுகிறவனின் களை வந்தது. உள்ளே இரண்டு செப்புக் காசுகளும், கோலிக்குண்டு அளவில் ஓர் ஈயக்குண்டும் இருந்தன. காசுகள் பளபளவென்று மின்னின.

"பச்சைக் களிம்பு ஏறிக் கிடந்தது, மாமா. புளி போட்டுத் தேய்த்து, செங்கல் பொடியால் துலக்கிவிட்டேன்" என்றான்.

அவற்றின் மேல் என்ன எழுத்து இருந்ததோ, என்ன உருவம் இருந்ததோ, எல்லாம் புளித் தண்ணீரோடு போயிற்று.

"இப்படித் தோண்டலாமா என்று யாரையாவது கேட்டாயா?"

"என் வீடு, என் மண். யாரைக் கேட்கணும்? இதில் யாருக்கு என்ன நஷ்டம், மாமா?"

அவன் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலைச் சாப்பிட்டுவிட்டு அவனோடு மல்லுக்கு நிற்பது முறையல்ல என்று அன்று பேசாமல் வந்துவிட்டேன். ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்பவன் அவன் ஒருவன் மட்டும் அல்ல. நாலு பேர் கூடுகிற இடத்தில் புதையல் பேச்சு வந்தால், படித்தவர்கள் கூட இதையேதான் கேட்கிறார்கள். ஆகவே பதிலை ஊரறியச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் யந்திரத்தின் யோக்கியதையைப் பார்ப்போம். டெலிபோன் புகழ் கிரஹாம் பெல், 1881-இல் இதன் மூதாதை ஒன்றைச் செய்து, சுடப்பட்டுக் கிடந்த அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டின் உடம்பில் குண்டு எங்கே இருக்கிறது என்று தேடினார். அகப்படவில்லை. மெத்தைக்குள் இருந்த சுருள் கம்பிகள் யந்திரத்தைக் குழப்பின என்று சொல்வார்கள். யந்திரம் இன்று எவ்வளவோ சீர்திருந்திவிட்டது. அடிப்படைக் குணம் அதேதான். மண்ணுக்குள் மின்காந்த வீச்சை அனுப்பும். உலோகம் இருந்தால் அதில் ஒரு சலனம் உண்டாகும். கோல் கத்தும். ஒற்றைக் காசு ஒரு சாண் ஆழத்தில் இருந்தால் சொல்லும். மிகவும் கீழே போனால் சொல்லாது. மண்பானை, பாசிமணி, எலும்பு, அடுப்புக் கரி, நெல் உமி இவை எதுவும் அதன் காதில் விழா. அதாவது மனிதர்கள் வாழ்ந்த வாழ்வில் பெரும்பகுதிக்கு அது செவிடு.

அந்தச் செவிட்டுக்குக் கட்டுப்பட்டு நடக்கிறவனும் செவிடாகிவிடுகிறான். என் மைத்துனனின் வேப்பமரத்தடியில் பானைச் சில்லுகள் குவிந்து கிடந்தன. உள்ளே கறுப்பும் வெளியே சிவப்புமாகச் சில இருந்தன. மழைக்காலத்தில் சேறாகிற பாதையில் கொட்ட வைத்திருந்தான். "அது குப்பை, மாமா" என்றான். சிலவற்றைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டேன். காசுகளையும் குண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

சரித்திர ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவரிடம் காட்டினேன். அவர் காசுகளை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டுச் சில்லுகளைக் கையில் எடுத்தார். "எந்தக் குழியில் கிடைத்தது? எவ்வளவு ஆழம்? காசு இதற்கு மேலே கிடந்ததா, கீழேயா?" என்று கேட்டார். மைத்துனனுக்குப் போன் செய்தேன். "அதையெல்லாம் யார் பார்த்தது, மாமா!" என்றான். நண்பர் சில்லுகளைத் திரும்பக் கைக்குட்டையில் வைத்துவிட்டார். "இந்த மாதிரிப் பானை பல நூற்றாண்டு புழக்கத்தில் இருந்தது. காசோடு ஒரே மண்ணில் கிடந்தது என்று தெரிந்தால் ஏதாவது சொல்லலாம். இப்போது இது பானை, அது செம்பு. அவ்வளவுதான்" என்றார்.

இது வெறும் பண்டிதர் பிடிவாதம் என்று நினைப்பவர்களுக்கு, பெருமுக்கலிலிருந்து அதிகத் தூரமில்லாத அரிக்கமேட்டை நினைவூட்டுகிறேன். புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள அந்த மேட்டை 1945-இல் மார்டிமர் வீலர் தோண்டினார். அங்கே காலத்தைச் சொன்னது தங்கம் அல்ல. இத்தாலியில் அரெஸ்ஸோ என்ற ஊரில் செய்த சிவப்புத் தட்டுகளின் உடைசல். அந்தத் தட்டுகள் செய்யப்பட்ட காலம் ஏற்கெனவே தெரியும். அதே மண் அடுக்கில் நம் ஊர்ப் பானைகள் கிடந்தன. ஆகவே நம் பானைகளுக்கும் ஒரு காலம் கிடைத்தது. அதைக் கொண்டு தென்னாட்டில் வேறு எத்தனையோ ஊர்களின் வயதைக் கணக்கிட முடிந்தது. பிற்பாடு 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அங்கே மறுபடி தோண்டி, வீலர் சொன்னதைத் திருத்தி, ஊரின் தொடக்கத்தை இன்னும் முன்னே கொண்டுபோனார். கலையாத மண் மிச்சம் இருந்ததால்தானே திருத்த முடிந்தது? கோலும் மண்வெட்டியுமாக நாலு பேர் முன்னமே புகுந்திருந்தால் எதை வைத்துத் திருத்துவது?

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். ஒரு சொல்லுக்கு அர்த்தம் அதற்கு முன்னும் பின்னும் நிற்கிற சொற்களால் வருகிறது என்பது என் தொழிலில் பாலபாடம். மண்ணிலும் அதே கதைதான். எது எதற்குப் பக்கத்தில், எது எதற்கு மேலே என்பதுதான் அதன் இலக்கணம். காசை மட்டும் பிடுங்குகிறவன், புத்தகத்திலிருந்து ஒரே ஒரு சொல்லைக் கத்தரித்துக்கொண்டு மீதியை அடுப்பில் போடுகிறான்.

பெருமுக்கல் அப்படி அடுப்பில் போடத்தக்க ஊரா? அந்த மலையில் சீதை குகை என்று வழங்குகிற குகையில், எழுத்துத் தோன்றுமுன் வாழ்ந்த மனிதர்கள் பாறையில் கீறிய கோடுகள் இருக்கின்றன. மலைமேல் முக்தியாசலேசுவரர் கோயிலில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. பிறகு அங்கே ஒரு கோட்டை இருந்தது. வெள்ளைக்காரன் வாயில் ஊரின் பெயர் 'பெர்மாக்கோயில்' ஆயிற்று. வந்தவாசிப் போர் முடிந்தபின் 1760-இல் அயர் கூட், பிரெஞ்சுக்காரரிடமிருந்து அதைப் பிடித்துக்கொண்டுதான் புதுச்சேரியை நோக்கிப் போனார். ஹைதர் அலியோடு நடந்த யுத்தத்திலும் அந்தக் கோட்டை அடிபட்டது.

இப்போது அந்த ஈயக்குண்டைப் பாருங்கள். அடிவாரத்திலிருந்து கூட்டின் சிப்பாய் சுட்டதா? கோட்டைக்குள்ளிருந்து வந்ததா? அல்லது முயல் வேட்டைக்குப் போன நம் ஊர்க்காரர் யாரோ தவறவிட்டதா? சொல்லக் கூடியது ஒன்றுதான் இருந்தது: அது கிடந்த இடம். அமெரிக்காவில் லிட்டில் பிக்ஹார்ன் என்ற இடத்தில் 1876-இல் செவ்விந்தியர்களோடு நடந்த சண்டையில் கஸ்டர் என்ற தளபதியும் அவரோடு நின்றவர்களும் மாண்டார்கள். 1984-இல் ஆராய்ச்சியாளர்கள் அந்தப் புல்வெளியில் இதே மெட்டல் டிடெக்டரைத்தான் கொண்டுபோனார்கள். கோல் கத்திய இடத்தில் எல்லாம் முதலில் ஒரு கொடி நட்டார்கள். ஒவ்வொரு தோட்டாவையும் அது கிடந்த இடத்தோடு படத்தில் குறித்தார்கள். யார் எங்கே நின்று சுட்டார்கள், எந்தப் பக்கம் நகர்ந்தார்கள் என்பது வெளிப்பட்டது. ஆகவே யந்திரத்தின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அதே கோல், ஒருவன் கொடி நட்டான், இன்னொருவன் தீப்பெட்டியில் போட்டான்.

நாணயம் சேர்க்கிற அன்பர்கள் ஓர் ஆட்சேபம் சொல்வார்கள். கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகள் அல்லவா மாக்கோதை, கொல்லிப்பொறை என்ற சேரப் பெயர்களைக் காட்டின? பெருவழுதி என்று பொறித்த பாண்டியன் காசை இரா. கிருஷ்ணமூர்த்தி வெளியிடவில்லையா? வாஸ்தவம். அந்தச் சேவையை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் காசுகள் பேசியது தம் பெயரைத் தாமே சுமந்து வந்ததால். அவற்றின் காலம் என்ன என்று வந்தபோது, எழுத்தின் வடிவத்தையும் உருவத்தின் சாயலையும் வைத்துக்கொண்டுதான் அறிஞர்கள் வாதாட வேண்டியிருந்தது. மண் அடுக்கு என்ற சாட்சி கோர்ட்டுக்கு வரவே இல்லை. பெயர் பொறித்த காசுக்கே இந்தக் கதி என்றால், புளியில் ஊறிய காசின் கதி என்ன?

"என் மண்" என்ற வாதத்துக்கு வருகிறேன். மண் உன்னுடையதுதான், தம்பி. ஆனால் 1878-ஆம் வருஷத்து இந்தியப் புதையல் சட்டம் ஒன்று இருக்கிறது. மண்ணில் மறைந்து கிடந்து, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதைக் கண்டெடுத்தாலும் கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். உரியவர் என்று யாரும் வராவிட்டால், கண்டெடுத்தவனுக்கு முக்கால் பங்கு, நிலத்துக்காரனுக்குக் கால் பங்கு. இரண்டும் நீயே என்றால் முழுதும் உனக்குத்தான். மறைத்தால் பங்கும் போகும், ஒரு வருஷம் வரை சிறையும் கிடைக்கலாம். 1972-ஆம் வருஷத்துச் சட்டப்படி, நூறு வயது கடந்த இத்தகைய பொருளை லைசென்ஸ் இல்லாமல் வியாபாரம் செய்யவும் கூடாது. தனி ஆள் வெளிநாட்டுக்கு அனுப்பவும் கூடாது.

இதோடு நிறுத்தினால் நான் சர்க்காரின் தமுக்கடிப்பவன் ஆவேன். சர்க்காரையும் கேட்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் 1878-இன் பத்து ரூபாய். இன்று அதற்கு ஒரு டீ கிடைத்தால் அதிர்ஷ்டம். சர்க்கார் புதையலைத் தனக்கு எடுத்துக்கொண்டால், அந்த உலோகத்தின் விலையும் அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கும் கொடுக்கும் என்கிறது சட்டம். ஒரு செப்புக் காசுக்குச் செம்பு விலை! காசுக்கும் கம்பிக்கும் வித்தியாசம் பார்க்காத சட்டம், ஜனங்கள் பார்க்க வேண்டும் என்று எப்படி எதிர்பார்க்கிறது? 2020 டிசம்பரில் உத்திரமேரூர் குழம்பேசுவரர் கோயில் திருப்பணியின்போது அரைக் கிலோவுக்கு மேல் பொன் கிடைத்தது. அதிகாரிகள் வந்து கேட்டபோது ஊரார் முதலில் கொடுக்க மறுத்தார்கள், பிறகே கொடுத்தார்கள். அவர்கள் திருடர்கள் அல்ல. கொடுத்தது தங்கள் கோயிலுக்குத் திரும்பி வருமா என்று அஞ்சினார்கள்.

நம்பிக்கை இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு இங்கிலாந்தில் ஒரு கதை உண்டு. 1992-இல் ஹாக்ஸ்ன் என்ற ஊரில் எரிக் லாஸ் என்பவர், நண்பரின் வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடி டிடெக்டருடன் போனார். ரோமானியர் காலத்துப் பொன்னும் வெள்ளியும் தட்டுப்பட்டன. தோண்டுவதை நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். ஆராய்ச்சியாளர்கள் வந்து, சுமார் 15,000 காசுகளை எடுத்தார்கள். அவை ஒரு மரப்பெட்டிக்குள் எப்படி அடுக்கப்பட்டிருந்தன என்பதையும் சேர்த்து எடுத்தார்கள். அவருக்குக் கிடைத்த வெகுமதி பதினேழரை லட்சம் பவுன். சுத்தியலும் அகப்பட்டது, அதுவும் இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதே தேசத்தில் 2015-இல் ஹியர்போர்டுஷயரில் இருவர் ஒரு புதையலைக் கண்டு மறைத்து விற்றார்கள். சுமார் 300 காசுகளில் 31 மட்டுமே மீண்டன. 2019-இல் ஒருவருக்குப் பத்து வருஷம், மற்றவருக்கு எட்டரை வருஷம் சிறை விதித்தார்கள்.

எனவே வாசகர்களுக்கு என் வேண்டுகோள்: தேடிக்கொண்டு தோண்டாதீர்கள். கிணறோ அஸ்திவாரமோ வெட்டும்போது தானாக ஏதாவது தென்பட்டால் கடப்பாரையை நிறுத்துங்கள். கழுவாதீர்கள். கிடந்தபடியே ஒரு போட்டோ எடுங்கள். ஆழத்தை முழம் போட்டாவது அளந்து எழுதுங்கள். பிறகு கிராம நிர்வாக அதிகாரிக்கோ தாசில்தாருக்கோ சொல்லுங்கள்.

சென்ற மாதம் காசுகளையும் குண்டையும் எடுத்துக்கொண்டு நானே பெருமுக்கல் போனேன். மதிப்புப் பத்து ரூபாய் தேறுமோ தேறாதோ, கலெக்டருக்கு எழுதிவிடுவோம் என்று மைத்துனனை உட்கார வைத்தேன். சட்டம் கேட்கிற விவரங்கள் மூன்றே: என்ன பொருள், எந்த இடம், எந்தத் தேதி. பொருளை எழுதினான். தேதியை யோசித்து எழுதினான். இடம் என்றபோது, "எங்கள் வீட்டுப் புழக்கடை" என்று எழுதினான்.

"புழக்கடையில் எங்கே?" என்றேன்.

பேனாவை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பின்வாசலில் நின்றான். பதினேழு குழிகளையும் மூடி, அதன் மேல் கீரை விதைத்திருந்தான். வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். யாருக்கு என்ன நஷ்டம் என்று அப்புறம் அவன் என்னைக் கேட்கவில்லை.